நேற்று இல்லாத வெளிச்சம்: எக்ஸ் கதிர் வானில் மாறும் மூலங்களைத் தேடுவது எப்படி?

2020 ஜூலை 7. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஈரோசிட்டா என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி வழக்கம்போல் வானத்தைச் சுற்றிச் சுற்றித் துழாவிக்கொண்டிருந்தது. ஒரு சுற்றுக்கு 4 மணி நேரம். தென்வானில் ரெட்டிகுலம் விண்மீன் குழுவில் ஓரிடத்தை அது கடந்தபோது அங்கே ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் அதே இடத்தில் பெரும் வெளிச்சம். உணரியின் நடுப்பகுதி எண்ணிக்கை பிசகித் திணறும் அளவுக்கு. அதற்கடுத்த சுற்றில் மறுபடியும் ஒன்றுமில்லை.

11 மணி நேரம் கழித்து அதே இடத்தில் ஒரு விண்மீன் சாதாரண ஒளியில் பல ஆயிரம் மடங்கு பிரகாசமாகியது. அது ஒய்.இசட். ரெட்டிகுலி என்ற நோவா. வெண்குறு விண்மீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) மேற்பரப்பில் சேர்ந்த ஹைட்ரஜன் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும்போது, வெளியே ஒளி தெரிவதற்கு முன் சில மணி நேரம் எக்ஸ் கதிர் பளிச்சிடும் என்று 1990இலேயே கணித்திருந்தார்கள். முப்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் அது படவில்லை. ஈரோசிட்டாவுக்கும் அந்த இடத்தைக் கடக்கக் கிடைத்தது ஒரு முறைக்கு சுமார் 40 நொடிதான்.

இதில் கவனிக்க வேண்டியது நடுவில் தெரிந்த வெளிச்சம் மட்டுமல்ல. முன்னும் பின்னும் இருந்த இரண்டு வெறுமைகளும்தான். அவை இல்லாவிட்டால் இது இன்னொரு பிரகாசமான எக்ஸ் கதிர் மூலம் (எக்ஸ் கதிரை உமிழும் பொருள்), அவ்வளவே. அவை இருந்ததால்தான் "8 மணி நேரத்துக்குள் வந்து போன ஒன்று" என்று சொல்ல முடிந்தது. "வானில் மர்ம எக்ஸ் கதிர் வெடிப்பு" என்று அடிக்கடி வரும் செய்திகளுக்குப் பின்னால் இருக்கும் வேலை பெரும்பாலும் இதுதான்: எங்கே, எப்போது, எவ்வளவு நேரம் பார்த்து, ஒன்றும் காணவில்லை என்று கணக்கு வைப்பது.

அடிப்படை: எக்ஸ் கதிர் வானம் ஏன் நிலையாக இல்லை

கண்ணுக்குத் தெரியும் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் 2 முதல் 3 எலக்ட்ரான் வோல்ட். வானியலாளர் எக்ஸ் கதிர் என்று சொல்லும்போது பெரும்பாலும் 200 முதல் 10,000 எலக்ட்ரான் வோல்ட் வரையிலான துகள்களைக் குறிக்கிறார். இப்படிப்பட்ட கதிரை வெப்பத்தால் உமிழ வேண்டுமானால் பொருள் லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாக வேண்டும். சூரியனின் மேற்பரப்பே 6,000 டிகிரிக்குள்தான். ஆகவே எக்ஸ் கதிரில் பளிச்சென்று தெரிவது அமைதியான விண்மீன்கள் அல்ல. கருந்துளையின் மேலோ நியூட்ரான் விண்மீனின் (வெடித்த பெருவிண்மீன் விட்டுச்சென்ற மிக அடர்ந்த மையம்) மேலோ பொருள் விழும் இடங்கள், வெடிப்புகள், முறுக்கேறி அறுந்த காந்தப்புலங்கள்.

விழும் பொருள் ஒரே சீராக விழுவதில்லை. துணை விண்மீனிலிருந்து இழுக்கப்படும் வாயு, வட்டமாகச் சுழலும் தட்டில் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்து, ஒரு நிலை தாண்டியதும் மடை திறந்ததுபோல் உள்ளே பாயும். அதுவரை இருப்பதே தெரியாத மூலம் சில நாட்களில் பத்தாயிரம் மடங்கு, லட்சம் மடங்கு பிரகாசமாகிவிடும்.

மாறும் வேகத்திலிருந்து மூலத்தின் அளவையும் ஊகிக்கலாம். ஒரு பொருள் முழுவதும் சேர்ந்து மின்ன வேண்டுமானால், அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது. ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் மாறும் மூலம் 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வழியில்லை. எந்தத் தொலைநோக்கியாலும் படமாகப் பிரித்துக் காட்ட முடியாத சிறிய பொருளை, அதன் துடிப்பைக் கொண்டே அளந்துவிடுகிறோம். மாறும் மூலங்களைத் தேடி இவ்வளவு பாடுபடுவதற்கு இது முக்கியமான காரணம்.

ஒரு தடை இருக்கிறது. நம் வளிமண்டலம் எக்ஸ் கதிரைத் தரைக்கு விடாது. எல்லாவற்றையும் விண்ணிலிருந்துதான் பார்க்க வேண்டும். 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு, நிலவு எக்ஸ் கதிர் உமிழ்கிறதா என்று பார்க்க ஏவிய ராக்கெட் சில நிமிடங்கள்தான் மேலே இருந்தது. அதற்குள் தேள் (விருச்சிகம்) விண்மீன் குழுவின் திசையில், நிலவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெரிய மூலம் அகப்பட்டது: ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1. ஜியாக்கோனிக்கு 2002இல் நோபல் பரிசு. 1970 டிசம்பர் 12இல் கென்யக் கடலோர மேடையிலிருந்து ஏவப்பட்ட உஹுரு செயற்கைக்கோள் முதல் முழு வானப் பட்டியலைத் தந்தது: 339 மூலங்கள். அதிலேயே பல மூலங்கள் ஒரு நாள் போல் மறுநாள் இல்லை என்பது வெளிப்பட்டது.

எவையெல்லாம் மாறுகின்றன?

பெயர்களை வைத்துப் பிரித்தால் குழப்பமே மிஞ்சும். கால அளவை வைத்துப் பார்ப்பது எளிது.

1. நொடிகள். நியூட்ரான் விண்மீன் மேல் குவிந்த ஹீலியம் சட்டென்று எரியும்போது பத்து, இருபது நொடிகளுக்கு ஒரு வெடிப்பு. மேக்னட்டார் எனப்படும் மிகைக் காந்த நியூட்ரான் விண்மீன்களின் சீற்றம் இன்னும் கடுமை. 2004 டிசம்பர் 27இல் எஸ்.ஜி.ஆர். 1806-20 சீறியபோது, பல பத்தாயிரம் ஒளியாண்டு தொலைவிலிருந்தும் பூமியின் அயனி மண்டலத்தை அது கலைத்தது.

2. நிமிடங்கள், மணி நேரங்கள். பெருவிண்மீன் வெடிக்கும்போது அதிர்ச்சி அலை மேற்பரப்பைப் பிளந்து வெளிவரும் கணம் இந்த வகை. 2008 ஜனவரி 9இல் அலிசியா சோடர்பெர்க், ஸ்விஃப்ட் விண்கலம் வழியே என்.ஜி.சி. 2770 என்ற விண்மீன் மண்டலத்தில் (கேலக்ஸி) வேறொரு சூப்பர்நோவாவை (பெருவிண்மீன் வெடிப்பை)ப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே மண்டலத்தில் சில நிமிடம் ஒரு எக்ஸ் கதிர்ப் பளிச்சிடல். பின்னால் அங்கே எழுந்ததுதான் 2008டி சூப்பர்நோவா. இதைத் தேடலின் வெற்றி என்பதைவிட அதிர்ஷ்டத்தின் வெற்றி என்பேன். அப்படிப்பட்ட அதிர்ஷ்டம் இனிமேல் தேவைப்படக் கூடாது என்பதற்காகவே பின்னர் வந்த கருவிகள் வடிவமைக்கப்பட்டன.

3. வாரங்கள், மாதங்கள். கருந்துளையும் துணை விண்மீனும் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை அமைப்புகளின் எழுச்சி. 1975 ஆகஸ்டில் ஏரியல்-5 விண்கலம் கண்ட ஏ0620-00, சூரியனை விட்டால் எக்ஸ் கதிர் வானிலேயே மிகப் பிரகாசமான மூலமாகச் சில காலம் இருந்தது. பழைய ஒளிப்படத் தகடுகளைத் தூசி தட்டிப் பார்த்ததில், 1917இலும் அதே விண்மீன் ஒரு முறை பொங்கியிருந்தது தெரிந்தது.

4. மாதங்கள், ஆண்டுகள். ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளைக்கு மிக அருகில் போன விண்மீன் கிழிந்து, அதன் வாயு விழுந்து எரிவது. என்.ஜி.சி. 5905 என்ற சாதுவான மண்டலம் 1990இல் ரோசாட் விண்கலத்தின் முழு வான ஆய்வில் பிரகாசமாகத் தெரிந்து, பிறகு மங்கிப்போனது இந்த வகையில் ஆரம்பகால உதாரணம்.

இந்த வரிசைக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. ஜி.எஸ்.என். 069 என்ற மண்டலத்தின் நடுவிலிருந்து சுமார் 9 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஏறக்குறைய ஒரு மணி நேரம் நீடிக்கும் எக்ஸ் கதிர் எழுச்சி வருவது 2019இல் அறிவிக்கப்பட்டது. ராட்சதக் கருந்துளை, ஆனால் கடிகாரம்போல். தட்டை ஊடுருவி ஊடுருவிப் போகும் ஒரு சிறிய பொருள் காரணமாக இருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம், விவாதம் ஓயவில்லை. ஒரு மணி நேரம் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் தொலைநோக்கிக்கு இது மாறும் மூலமாகவே தெரிந்திருக்காது.

அகலமா, ஆழமா?

முழு வானத்தின் பரப்பு 41,253 சதுர டிகிரி. எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன் தொலைநோக்கி ஒரு முறைக்குப் பார்ப்பது ஏறக்குறைய முழு நிலவின் அகலம், சுமார் 0.2 சதுர டிகிரி. வானம் முழுதும் பார்க்க அதற்கு இரண்டு லட்சம் பார்வைகள் வேண்டும். 1999 ஜூலையில் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கியின் பார்வை இன்னும் குறுகல். (பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகரைக் குறிக்கிறது, வெண்குறு விண்மீனின் நிறைக்கு எல்லை உண்டு என்று கண்டவர் அவர்.) இவை ஆழமாகப் பார்ப்பவை. பக்கத்தில் நடப்பது இவற்றுக்குத் தெரியாது.

குறுகலுக்குக் காரணம் ஆடிதான். எக்ஸ் கதிர் சாதாரண ஆடியில் நேராக விழுந்தால் திரும்பாது, உள்ளே புதைந்துவிடும். தண்ணீர்ப் பரப்பின் மேல் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து விட்டால் தத்தித் தத்திப் போகுமே, அப்படி மிகச் சிறிய கோணத்தில் உரசினால்தான் திரும்பும். குழல் வடிவ ஆடிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இதைச் சாதிக்கிறார்கள். நேரே முன்னால் இருப்பது மட்டும் துல்லியமாகக் குவியும்.

அகலமாகப் பார்க்க நினைத்தவர்கள் ஆடியையே விட்டார்கள். துளைகள் இட்ட தகட்டை உணரிக்கு முன்னால் வைத்து, விழும் நிழலின் வடிவத்திலிருந்து மூலம் எங்கே என்று கணக்கிடுவது ஒரு வழி. 1995 இறுதியில் ஏவப்பட்ட ரோசி விண்கலத்தின் முழு வானக் கண்காணிப்புக் கருவி இப்படித்தான் 2012 தொடக்கம் வரை வேலை செய்தது. 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள வருடும் வானக் கண்காணிப்புக் கருவியும் இதே குடும்பம். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2009 முதல் இருக்கும் ஜப்பானின் மாக்ஸி கருவி பிளவுகளின் வழியே பார்க்கிறது. நிலையம் பூமியைச் சுற்றும் 92 நிமிடத்துக்கு ஒரு முறை வானத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிடும். இவற்றின் குறை: பிரகாசமானவை மட்டுமே தெரியும். பக்கத்து வீட்டுத் தீ தெரியும். மூன்றாவது தெரு மெழுகுவர்த்தி தெரியாது.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் இறால் கண். கல் இறாலின் கண்ணில் வில்லை கிடையாது. சின்னஞ்சிறு சதுரக் குழாய்கள் கோள வடிவில் அடுக்கப்பட்டிருக்கும், அவற்றின் சுவர்களில் உரசி ஒளி குவியும். இதை எக்ஸ் கதிருக்குப் பயன்படுத்தலாம் என்று ரோஜர் ஏஞ்சல் 1979இல் எழுதினார். கோளத்துக்கு "நேர் முன்" என்று ஒரு திசை இல்லாததால், எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் குவியும். சீனா 2024 ஜனவரி 9இல் ஏவிய ஐன்ஸ்டைன் புரோப், இப்படிப்பட்ட 12 தொகுதிகளுடன் ஒரே நேரத்தில் சுமார் 3,600 சதுர டிகிரியைப் பார்க்கிறது. வானத்தின் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் மேல். மூன்று சுற்றுகளில் இரவுப் பக்க வானம் ஏறக்குறைய முழுவதும் முடிந்துவிடும்.

விலை இல்லாமல் இல்லை. ஒளி சேகரிக்கும் பரப்பு சில சதுர சென்டிமீட்டர்தான். ஒரு தபால்தலை அளவு. பிம்பமும் புள்ளியாக விழாமல், சுற்றிலும் சிலுவைபோல் கைகள் நீண்டு விழும். அகலக் கருவி மணியடித்ததும், அதே விண்கலத்திலுள்ள இரண்டாவது, கூர்மையான தொலைநோக்கி திரும்பிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு தரையிலுள்ள தொலைநோக்கிகள்.

"இல்லை" என்பதை அளவிடுவது

ஒரு மூலம் நூறு மடங்கு பிரகாசமானது என்று சொல்ல, முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும். முன்பு ஒன்றுமே தெரியவில்லை என்றால்?

"தெரியவில்லை" என்பது பூஜ்ஜியம் அல்ல. அந்தப் பார்வையின் நீளம், உணரியின் திறன், பின்னணி இரைச்சல் எல்லாவற்றையும் சேர்த்து, "இதைவிடப் பிரகாசமாக இருந்திருந்தால் கட்டாயம் தெரிந்திருக்கும்" என்று ஓர் எண்ணைத் தர வேண்டும். இதற்கு மேல் எல்லை என்று பெயர். 1990இல் ரோசாட் சில நிமிடமே பார்த்த இடத்தில் இன்று ஒரு மூலம் தெரிந்தால், ரோசாட்டின் மேல் எல்லையைவிட அது மங்கலாக இருக்கும் பட்சத்தில் மாறியதாகச் சொல்ல இடமில்லை. அன்றும் அப்படியே இருந்து, ரோசாட்டுக்கு எட்டாமல் போயிருக்கலாம்.

செய்திகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தப் படிதான். "புதிதாகத் தோன்றியது" என்று எழுதுவார்கள். "புதிதாகப் பார்க்கப்பட்டது" என்பதுதான் பல நேரம் உண்மை.

ஏமாற்றும் ஏற்ற இறக்கங்கள்

ஈரோசிட்டா முதல் ஆறு மாத வான ஆய்வில் கண்ட மூலங்களின் பட்டியல் 2024 ஜனவரி 31இல் வெளியானது. ஏறக்குறைய 9 லட்சம் மூலங்கள். "இதில் மாறுபவை எவை என்று கணினி சொல்லிவிடாதா?" என்ற கேள்விக்கு ஒரு சிறு கணக்கே பதில்.

எக்ஸ் கதிர்த் துகள்கள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. மங்கலான மூலம் ஒன்றிலிருந்து ஒரு பார்வைக்குச் சராசரியாக 1 துகள் வருகிறது என்று கொள்வோம். மூலம் சற்றும் மாறாவிட்டாலும், ஒரு முறை 0, ஒரு முறை 2 என்றுதான் வரும். மழைத்துளி ஓட்டின் மேல் விழுவதுபோல். தற்செயலாக 5 அல்லது அதற்கு மேல் வரும் வாய்ப்பு 0.37 சதவீதம். கேட்க அற்பம். ஆனால் இப்படி 9 லட்சம் மூலங்கள் இருந்தால், ஒரே பார்வையில் 3,300 மூலங்கள் "ஐந்து மடங்கு பிரகாசமாகிவிட்டன" என்று பொய்யாகத் தோன்றும். நிஜமாக மாறிய நூறு மூலங்கள் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும். 10 துகள்கள் வேண்டும் என்று வரம்பை உயர்த்தினால் 9 லட்சத்திலும் ஒரு பொய்கூட எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அப்போது ஐந்து மடங்கு மட்டும் உயர்ந்த உண்மையான மூலங்களும் கைநழுவும். "மிகுதியாக மாறும்" மூலங்களை முதலில் தேடுவதற்கு இதுவே காரணம்: அவைதான் புள்ளியியலின் சந்தேகத்தைத் தாண்டி நிற்பவை.

தற்செயலைத் தாண்டினாலும் சோதனை முடிவதில்லை.

1. பின்னணி. சூரியனிலிருந்தும் பூமியின் காந்த மண்டலத்திலிருந்தும் வரும் புரோட்டான்கள் ஆடி வழியே புகுந்து, படம் முழுவதையும் திடீரென்று வெளுக்கச் செய்யும். மூலம் மட்டும் ஏறியதா, சுற்றுப்புறமும் சேர்ந்து ஏறியதா என்று பார்க்க வேண்டும்.

2. கருவியின் தாளம். சந்திரா ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பதில்லை. உணரி தேயாமலும் சமச்சீராகவும் பதிவு விழ, 1,000 நொடி, 707 நொடி தாளங்களில் மெல்ல ஆடிக்கொண்டே பார்க்கும். மூலம் உணரியின் விளிம்பில் இருந்தால் ஒவ்வொரு ஆட்டத்திலும் மறைந்து தோன்றும். 707 நொடிக்கு ஒரு முறை துடிக்கும் புதிய மூலம் என்று யாராவது குதித்து வந்தால் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

3. முதல் பார்வையின் மயக்கம். கண்டுபிடிப்பு எல்லையின் விளிம்பில் இருக்கும் மூலம், தற்செயலாகச் சற்றுக் கூடுதல் துகள்கள் வந்த நாளில்தான் பட்டியலில் ஏறும். அடுத்த முறை பார்த்தால் இருக்காது. இப்படி "மறைந்துபோன" மூலங்களின் எண்ணிக்கையை அப்படியே நம்புவது ஆபத்து.

4. அளவுகோலே மாறுவது. எக்ஸ் கதிர் வானியலில் பிரகாசத்தை நண்டு நெபுலாவோடு (பழைய விண்மீன் வெடிப்பு ஒன்றின் எச்சம்) ஒப்பிட்டு "ஒரு நண்டு, அரை நண்டு" என்று சொல்வது வழக்கம். அது நிலையானது என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். 2008க்குப் பிறகு இரண்டே ஆண்டுகளில் அது 7 சதவீதம் மங்கியது, பல விண்கலங்கள் ஒன்றுபோல் காட்டியதால் 2011இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒரே கருவி சொல்லியிருந்தால் கருவியில் கோளாறு என்றே விட்டிருப்பார்கள்.

மணியடித்த பிறகு

சோதனைகளில் தேறிய மூலத்துக்கு நேரம் மிகக் குறைவு. இடத்தின் ஆயத்தொலைவுகள் உடனடி அறிவிப்பாக உலகம் முழுவதும் போகும். தரையிலுள்ள தொலைநோக்கிகள் திரும்பும். அப்படித் திரும்பினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஐன்ஸ்டைன் புரோப் 2024 மார்ச் 15இல் கண்ட வெடிப்பு நல்ல உதாரணம். எக்ஸ் கதிரில் 17 நிமிடத்துக்கும் மேல் நீடித்தது. ஒளியியல் தொலைநோக்கிகள் அளந்த செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்ற அளவு) 4.859, அதாவது அந்த ஒளி கிளம்பிச் சுமார் 1,250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதோடு சேர்ந்து, எக்ஸ் கதிரைவிட ஆற்றல் மிக்க காமா கதிரில் ஒரு வெடிப்பும் பதிவாகியிருந்தது. ஆனால் எக்ஸ் கதிர் அதற்கு 6 நிமிடம் முன்பே தொடங்கிவிட்டது. காமா கதிர் மணியடித்த பிறகே எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியைத் திருப்பும் பழைய முறையில் அந்த 6 நிமிடம் யாருக்கும் கிடைத்திருக்காது. வெடிப்பின் இயந்திரம் எப்படிக் கிளம்புகிறது என்ற கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

ஈரோசிட்டாவின் நிலை வேறு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை முழு வானம், மொத்தம் எட்டு முறை என்பது திட்டம். நான்கு முறை முடிந்து ஐந்தாவது நடந்துகொண்டிருந்தது. அது இருக்கும் ஸ்பெக்டர்-ஆர்ஜி ரஷ்ய விண்கலம், ஈரோசிட்டா ஜெர்மனியுடையது. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்து இரண்டு நாள் கழித்து, 2022 பிப்ரவரி 26இல், ஜெர்மனி தன் கருவியின் கண்காணிப்பை நிறுத்தியது. மீதி மூன்றரை முறைக்கான கட்டங்கள் பட்டியலில் காலியாகவே இருக்கின்றன. அந்தக் கட்டங்களில் மேல் எல்லைகூட எழுத முடியாது. தெரியவில்லை என்பதற்கும் பார்க்கவில்லை என்பதற்கும் பட்டியலில் தனித்தனிக் குறிகள் உண்டு.